பச்சைக்கு மேல் கறுப்பு

கம்பளிக்குள் நுழைத்த கையை அந்த ஆள் வெளியே எடுக்கவேயில்லை.

கேபிள் கார் மூடுபனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. கதவை ஒட்டி, நூபியாவுக்கும் லிபார்தோவுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அறுபது வயதிருக்கும். ஒருமுறைகூடத் திரும்பவில்லை, உள்ளே ஏறியவர்களை மட்டும் ஒவ்வொருவராக முறைத்தான்.

“லிபார்தோ, அவன்தான்” என்றாள் நூபியா, உதடு அசையாமல்.

“எவன்?”

“கதவுகிட்ட. காலைல ரொட்டிக் கடையில நின்னான். நேத்து நம்ம லேப் வாசல்ல நின்னான்.”

லிபார்தோ அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துத் தலை நரைத்தவன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இந்த மனிசாலெஸ் ஊர்க் குளிருக்குக் கம்பளி போர்த்தினவன் எல்லாம் கொலைகாரன்னா, முதல்ல எங்க மாமனாரைப் பிடிச்சு உள்ள போடணும்.”

“சிரிக்காதே. போன்ல அந்தக் குரல் என்ன சொல்லிச்சு? மெடல் விழற கழுத்துல அன்னைக்கே மலர்வளையமும் விழும்னுச்சு.”

லிபார்தோவின் சிரிப்பு நின்றது.

உலோகத்தின் மேல் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய படலங்களைப் பூசுவது எப்படி, பூசிய படலம் உரியாமல் நிற்பது எப்படி என்பதிலேயே நூபியாவின் ஆயுள் பாதி போயிருந்தது. அதற்காகத்தான் இன்று நாட்டின் மேற்பரப்பு அறிவியலாளர்கள் எல்லாம் கூடி அவளுக்குப் பதக்கம் தருகிறார்கள். ஆனால் மிரட்டல் வந்தது வேறொரு படலத்துக்காக.

போன வருஷம் நீதிபதி ஒருவர் ஒரு பெயின்ட் துணுக்கை அவளுக்கு அனுப்பினார். துவான் என்ற இளம் வாத்தியாரைச் சைக்கிளோடு இடித்துக் கொன்றுவிட்டு, நிற்காமல் போன வண்டியின் பெயின்ட். பெரிய காப்பித் தோட்டக்காரரின் மகன் ஓட்டிய ஜீப் என்று ஊரே கிசுகிசுத்தது. ஆனால் அந்த ஜீப் கறுப்பு, துணுக்கோ பச்சை.

நூபியா ஜீப்பின் பெயின்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தாள். கறுப்புக்குக் கீழே அதே பச்சை, பச்சைக்குக் கீழே அதே வெள்ளை, இம்மி பிசகாத அதே தடிமன். நீதிபதியின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சாட்சி சொன்னாள். தோட்டக்காரர் மகன் சிறைக்குப் போனான்.

அன்றிலிருந்து போனில் மிரட்டல்கள் வரத் தொடங்கின. மிரட்டல் விஷயம் உள்ளூர் வானொலி வரைக்கும் வந்துவிட்டது. “வாசல்ல ரெண்டு பேரைப் போடறோம் டாக்டர், தைரியமா மேடை ஏறுங்க” என்றது போலீஸ்.

அரங்கத்து வாசலில் அந்த இரண்டு பேரும் சுடச்சுட எம்பனாடா தின்பதில் மும்முரமாக இருந்தார்கள். கம்பளிக்காரன் அவர்களைத் தாண்டி உள்ளே போனதை நூபியா பார்த்தாள்.

முன்வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் அவன் உட்காரவில்லை. மேடைப் படியருகே சுவரில் சாய்ந்து, வாசலையே பார்த்தபடி நின்றான். கை இன்னும் கம்பளிக்குள்.

“தப்பிச்சு ஓட வழி பார்க்கிறான்” என்றாள் நூபியா. “எனக்கு மெடலும் வேணாம், மண்ணும் வேணாம். வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

“இங்கேயே இரு. போலீஸைக் கூட்டிட்டு வரேன்.” லிபார்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

அவன் பாதி வழி போவதற்குள் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லிவிட்டது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சங்கத் தலைவர் இறங்கி வந்து, “என்ன கை இவ்வளவு ஜில்லுனு இருக்கு? பேசத்தானே போறீங்க!” என்று சிரித்தபடி அவளை இழுத்துக்கொண்டு போனார்.

படியேறும்போது அந்தக் கம்பளி அவள் பாவாடையை உரசியது. பதக்கம் கழுத்தில் விழுந்தது. மைக்கின் முன்னால் தனியே நின்றாள். எதிரே இருந்த முகங்கள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன.

“நண்பர்களே...”

வாசல் பக்கம் படாரென்று ஒரு சத்தம்.

கம்பளிக்காரனின் கை வெளியே வந்தது. இரண்டே எட்டில் படிகளைத் தாவி மேடைக்கு வந்தான்.

நூபியா மேடை மேசைக்குப் பின்னால் குத்துக்காலிட்டுப் பதுங்கினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். தங்கை மகள், லேபில் அணைக்காமல் விட்டு வந்த பம்ப், கட்டாத துணிக்கொடி எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின.

வெடிச் சத்தம் வரவில்லை. வந்தது சிரிப்புச் சத்தம். லிபார்தோ ஓடிய வேகத்தில், காப்பிக் கோப்பைகளோடு உள்ளே வந்த பணியாளரின் தட்டைத் தட்டிவிட்டிருந்தான்.

அவள் மெல்லக் கண் திறந்தாள். அந்த ஆள் அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். அவளுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார். கைகளில் ஒன்றுமில்லை.

“யா... யாருங்க நீங்க? என்ன வேணும் உங்களுக்கு?”

அவர் திரும்பவில்லை. “ஒண்ணும் வேணாம் டாக்டரம்மா. நீங்க எழுந்து பேசுங்க. எது வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும்.”

“போலீஸா?”

“இல்லம்மா. துவானோட அப்பன்.”