இடது கை

கிளினிக்கில் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. தனலெட்சுமி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மிஸ்ஸியின் மேசை முன்னே உட்கார்ந்திருக்கிறாள். பைக்குள் ஈப்போ ஆஸ்பத்திரிக் கடிதம். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தது, இனி நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள் என்று இந்தக் கிளினிக்குக்கு எழுதியது. நேற்றுக் குளிக்கும்போது இடது அக்குளில் கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. இன்று கடிதத்தைக் கொடுத்து அதையும் சொல்லிவிடத்தான் பஸ் ஏறி வந்தாள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் நர்ஸாக இருப்பது புனிதா. மகள் தினேஸ்வரியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் சித்தி. தாயின் நோய் தெரிந்துதான் மகளின் முந்தைய வரன் நின்றுபோனது.

“வாங்க சம்பந்தி. இங்கதான் மாத்தி விட்டுட்டாங்க என்னைய. ஒடம்புக்கு என்னா?”

“ஒன்னுமில்லலா. சும்மா பிரஷர் பாக்கலாம்னு.”

புனிதா அவள் இடது கையை இழுத்துப் பிரஷர் பட்டையைச் சுற்றுகிறாள். அறுவை நடந்த பக்கம், அந்தக் கையில் ஊசியோ பட்டையோ படவே கூடாது என்று ஈப்போவில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். வலது கையில் பாருங்கள் என்றால், ஏன் என்று கேட்பாள்.

“கை ஏன் இப்படி வீங்கியிருக்கு?”

“ரம்புத்தான் பழம் பறிச்சேன்.”

“கல்யாணத்துக்கு முன்னாடியே கைய ஒடச்சிக்காதீங்க. பந்தியில யாரு பரிமாறுறது?”

புனிதா சிரிக்கிறாள். பட்டை உப்பி இறுகுகிறது. வலி தோள்வரை ஏறுகிறது. தனலெட்சுமியும் சிரிக்கிறாள்.

“டாக்டர்கிட்ட வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

வலது கை பையின் ஜிப்பை இழுத்து மூடப் பார்க்கிறது. அது மூடித்தான் இருக்கிறது.