யார் முன்னால்

கீபோர்டு வாசித்த அமலதாசும் ரிதம் மெஷின் இயக்கிய பக்கீர் மைதீனும் ஒரே வேனில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனவர்கள். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மேடையில், பாட்டின் வேகத்தை யார் வைப்பது என்று சண்டை போட்டுப் பிரிந்தார்கள். மெல்லிசைக் குழுவும் கலைந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பக்கீர் பழைய மெஷினைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அமலதாசின் வீட்டுக்கு வந்தார்.

"நம்ம தாளமெல்லாம் இன்னும் இதுக்குள்ள இருக்கு வே. உம்ம கம்ப்யூட்டர்ல சேத்து ஒருக்கா கேப்போம்."

கேபிளை மாட்டினார்கள். இரண்டில் ஒன்று வேகத்தைச் சொல்ல வேண்டும், மற்றது கேட்டு ஓட வேண்டும். அன்று எல்லார் முன்னாலும் பக்கீரைப் பார்த்து "வேகமா ஓடாதேயும் வே" என்று தான் மைக்கில் கத்தியது அமலதாசுக்கு நினைவு வந்தது. கம்ப்யூட்டரை மெஷினுக்குப் பின்னால் வரும்படி வைத்தார்.

பொத்தானை அழுத்தியும் சத்தமே இல்லை. குனிந்து மெஷினின் சின்னத் திரையைப் பார்த்தார். அதுவும் பின்னால் வரும்படி வைக்கப்பட்டு, கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்தது.

"இத எப்ப மாத்துனீரு?"

"வீட்லயே மாத்திட்டுத்தான் கொண்டாந்தேன். நீரு முன்னால போம்."

"இல்ல வே, நீரு போம்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மேசையில் அந்தப் பழைய தாளத்தைத் தட்டினார்கள். யார் விரல் முதலில் தட்டியது என்று அமலதாஸ் கவனிக்கவில்லை.