பச்சை வெட்டுக்கிளி

பச்சை வெட்டுக்கிளி ஒன்று தனியாக வாழ்ந்தது. தோட்டங்களை மொட்டையடிக்கும் மஞ்சள் வெட்டுக்கிளிக் கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "பிறவிப் புத்தி, அண்ணே" என்று பக்கத்துக் கத்தரிச் செடியில் குடியிருந்த நத்தையிடம் முகம் சுளிக்கும்.

கோடையில் புல் கருகியது. மிச்சமிருந்த ஒரே திட்டில் வெட்டுக்கிளிகள் எல்லாம் நெருக்கியடித்தன. காலோடு கால் உரச உரச, பச்சை வெட்டுக்கிளியின் உடம்புக்குள் ஏதோ புதிதாகச் சுரந்தது. தோலுரித்து எழுந்தபோது அது மஞ்சளாக இருந்தது. கூட்டம் பறந்தது, அதுவும் கூடவே பறந்தது.

கத்தரிச் செடியின் கடைசி இலையை அது தின்றுகொண்டிருந்தபோது, வெயிலில் சுருண்டு கிடந்த நத்தை கேட்டது: "இங்கே ஒரு பச்சைத் தம்பி இருந்தான். நல்ல பிள்ளை. அவனையும் விரட்டிவிட்டீர்களா?"

"எனக்கு அவனைத் தெரியாது."

"குரல் தெரிந்த குரலாக இருக்கிறதே" என்றது நத்தை.

வெட்டுக்கிளி மிச்ச இலையை அவசரமாக விழுங்கிவிட்டுக் கூட்டத்துக்குள் பறந்து மறைந்தது.