மூச்சு வாங்கும் சைக்கிள்

“இதுல ஏறினா மூச்சு வாங்குமா, வாங்காதா? அத மட்டும் சொல்லுங்க.”

கேட்டவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சட்டையின் நடுப் பொத்தான்கள் இரண்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன.

விற்பனையாளன் சிரிப்பை நழுவவிடாமல் பார்த்துக்கொண்டான். முதலில் உயரம், பிறகு எந்தச் சாலை, கடைசியில் முட்டியும் முதுகும். இந்த வரிசையில் கேட்டால்தான் ஒருவருக்குப் பொருத்தமான சைக்கிள் கிடைக்கும் என்பது அவன் நம்பிக்கை. இந்த மனிதர் கடைசிக்கும் அப்பாலிருந்து ஆரம்பிக்கிறார்.

ரேஸ் சைக்கிள் முதுகை வளைத்துவிடும், மலைச் சைக்கிள் தார் ரோட்டில் நகரவே நகராது, இரண்டுக்கும் நடுவில் இந்த ஹைப்ரிட், நிமிர்ந்து உட்கார்ந்து போகலாம் என்று விளக்கினான். மேடு வந்தால் கியரை மாற்றிக்கொண்டால் போதும், சமதளத்தில் போவது போலவே இருக்கும் என்றான்.

“சமதளத்துல போறதுக்கு நான் எதுக்குய்யா சைக்கிள் வாங்கணும்? எங்க வீட்டு சோபா சமமாத்தான் இருக்கு.”

ஓரமாக நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கை ரவிக்கை. மடியில் கைப்பையை நெரித்துப் பிடித்திருந்தாள். உள்ளே வந்ததுமே, சும்மா பார்க்கத்தான் வந்தோம், வாங்கப் போவதில்லை என்று விற்பனையாளனிடம் சொல்லிவிட்டாள். ஏதோ அவன்தான் வீட்டுக்கு வந்து கூப்பிட்டதைப் போல.

அவன் குவளையில் தண்ணீர் கொடுத்தான். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மேஜையில் வைத்துவிட்டாள். நம் கடைத் தண்ணீர்கூட ஆகாத அளவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

இந்த வயதில் யாருக்கு மாப்பிள்ளையாகப் போகிறாராம் என்று கேட்டாள். மாடிப்படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிற மனிதர், நாளைக்கு லாரிக்கு நடுவில் விழுந்து கிடந்தால் யார் போய் அள்ளுவது என்றாள்.

சும்மா இருக்கச் சொல்லி அவர் போட்ட அதட்டலில் அந்தப் பக்கம் ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த வேறொரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க முதல்ல சும்மா இருங்க. நான் கேட்டேனா உங்கள? ஒரு நாளாவது வாயத் திறந்து கேட்டேனா?” மனைவி விடவில்லை.

அவர் சுவரில் மாட்டியிருந்த பம்புகளை முறைத்தார்.

விற்பனையாளனுக்கும் உள்ளுக்குள் சுருக்கென்று எரிச்சல் ஏறியது. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் கண்ணாடியில் தொப்பையைப் பார்த்துவிட்டு ஓடி வருவார்கள். மழைக்காலம் முடிவதற்குள் சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடுகிற கொடியாகிவிடும்.

சண்டை போடுகிற தம்பதிகளுக்கென்று அவனிடம் ஒரு கை வைத்தியம் இருந்தது. இதுவரை பொய்த்ததில்லை. பூக்கூடை வைத்த ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, மேடத்துக்கும் ஒன்று எடுத்துவிடலாமே, இரண்டு பேரும் காலையில் சேர்ந்தே போகலாமே என்றான்.



அவள் பூக்கூடையைப் பார்த்தாள். அவர் அவனை அடிக்க வருகிறவர் போல நெருங்கினார். பிறகு சட்டென்று திரும்பி, மூலையில் யாரும் தொடாமல் கிடந்த பழைய மாடல் ஹைப்ரிட்டை இழுத்தார். இருப்பதிலேயே கனமானது. தடித்த டயர்.

அதில் காற்று பாதிதான் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். வேண்டாம், போகட்டும், முட்டி சொல்லிக்கொடுக்கும் என்று விட்டுவிட்டான்.

கடையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தைச் சுற்றி அவர் மிதிக்கத் தொடங்கினார். முதல் வளைவிலேயே சீட்டில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, எதிரியை மிதிப்பது போல மிதித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிறுத்துவார் என்று பார்த்தான். இன்னொரு சுற்று போனார்.

உடம்புக்கு நல்லதுதானே செய்கிறார், இவ்வளவு கோபம் எதற்கு மேடம் என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“அவர் எடை குறையாம அவர்கிட்ட இருந்து கிட்னி எடுக்க மாட்டாங்களாம். எனக்கு வைக்கறதுக்கு.” மணிக்கட்டில் எட்டிப்பார்த்த டயாலிசிஸ் ஊசித் தழும்பின் மேல் முழுக்கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். “நீங்க சைக்கிளே இல்லன்னு சொல்லியிருக்கலாம்.”

தொங்கியும் சாய்ந்தும் வரிசையாகவும் இருந்த சைக்கிள்களுக்கு நடுவில் அவன் மேஜைப் பக்கம் திரும்பினான். மேஜைமேல் குவளையில் தண்ணீர் அப்படியே இருந்தது. கிட்னி கெட்டவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவர் சைக்கிளோடு உள்ளே வந்தார். முகம் கறுத்துச் சிவந்திருந்தது. மூச்சு விசிலடித்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

“இதான்யா சைக்கிள். இதவிடக் கஷ்டமா வேற இருக்கா?”

விற்பனையாளன் அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் எழுந்து வந்தாள். கணவரைப் பார்க்காமல் குனிந்து, முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். டயர் பொதக்கென்று உள்ளே போனது.

நிமிர்ந்தபோது கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இப்போது அது விற்பனையாளன் மேல் இருந்தது.

“காத்தே இல்ல. அடிச்சுக் குடுங்க.”