கொன்ஸ்ரன்ரைனின் கணக்கு

கொட்டாஞ்சேனையிலுள்ள அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்துக்குப் புதிய டேட்டாபேஸ் போட வந்தவன் நிலாம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் யூசர் கணக்குத் திறந்துவிட்டுச் சரிபார்த்தபோது, அவன் திறக்காத கணக்கு ஒன்றும் அங்கே இருந்தது. கொன்ஸ்ரன்ரைன். போன வருடம் மாரடைப்பில் இறந்துபோன கிளார்க். அவருடைய மனைவி யோசெப்பின், நிலாமுக்குப் பக்கத்து மேசையில்தான் வேலை செய்தாள்.

நிலாம் அதை அழித்தான். பகல் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கணக்கு திரும்ப இருந்தது. யாரோ அதில் உள்ளே நுழைந்துமிருந்தார்கள்.

யோசெப்பின் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"அழிக்காதீங்க நிலாம். அவர் என்ன செய்யிறார்?"

"உங்கட விபரத்தத்தான் கேக்கிறார் மிஸ். திரும்பத் திரும்பக் கேக்கிறார். அவருக்குப் பாக்க அனுமதி இல்லையெண்டு சிஸ்டம் மறுக்குது."

"அப்ப குடுங்களன்."

நிலாம் அனுமதி கொடுத்தான். கொடுத்தாயிற்று என்று திரை சொன்னது. கொன்ஸ்ரன்ரைன் மறுபடி கேட்டார். சிஸ்டம் மறுபடி மறுத்தது. தனக்கிருந்த அதிகாரம் முழுவதையும் அவருக்குக் கொடுத்தும் பார்த்தான்.

"இதுக்கு மேல குடுக்க என்னட்ட ஒண்டுமில்ல மிஸ்."

"நான் இஞ்சதான் இருக்கிறன்," என்று யோசெப்பின் திரையிடம் சொன்னாள். பிறகு உரத்துச் சொன்னாள். அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

மாலையில் எல்லோரும் வத்தளை பஸ் பிடிக்கப் படியிறங்கினார்கள். யோசெப்பின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். திரையில் அவளுடைய பெயர் வரிக்கு வரி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவருக்கு அனுமதி இல்லை.