நடக்கப் போயிருக்கார்

"போன் அடிக்குது சார். கையை எடுங்க, நான் பேசறேன்."

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பாய்ந்தார். ஆள் ஒல்லி என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பென்சில் என்று பெயர். போனுக்குச் சொந்தக்காரருக்குப் பெயர் சிம்மாசனம். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். கோப்பு அலமாரிக்குப் போக வேண்டுமென்றால்கூட, சக்கரம் வைத்த நாற்காலியைக் காலால் உந்தி உருட்டிக்கொண்டே போய் வருவார்.

போனை எடுத்த பென்சில், அந்தப் பக்கத்தை வாய் திறக்கவே விடவில்லை.

"மேடம், சார் சீட்ல இல்ல. நடக்கப் போயிருக்கார். அவரை சீட்ல பார்க்கறதே அபூர்வம் மேடம். கால்ல சக்கரம் கட்டிக்கிட்ட மாதிரி சுத்திக்கிட்டே இருக்கார்."

சிம்மாசனம் தன் நாற்காலியில் சாய்ந்தபடி, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் இருந்தார்.

"என்னப்பா சொன்னா?"

"'அப்படியா'ன்னாங்க. வச்சுட்டாங்க."

"நம்பிட்டா."

"இந்த வாரம் ரொம்பத்தான் கூப்பிடறாங்க சார். குரல் வேற கொஞ்சம் கறாரா இருக்கு."

"வீட்ல கேட்டுப் பாரு. இது எவ்வளவோ தேவலை."

எல்லாம் டாக்டரிடம் போனதில் வந்த வினை. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, "உங்க வேலை எப்படி? உட்கார்ந்தே பார்க்கறதா, நடமாட்டம் உண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்ல நடமாட்டம் டாக்டர்."

பக்கத்தில் இருந்த மனைவிக்குப் புரையேறியது.

"மாடிப்படி ஏறுவீங்களா?"

"லிப்ட் வரைக்கும் நடப்பேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. மணிக்கொரு தடவை எழுந்து நடக்கச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கே மனைவி சட்டம் போட்டாள். செல்போனில் கூப்பிட்டால், உட்கார்ந்துகொண்டே நடக்கிறேன் என்று புளுகலாம். மேசைப் போனில் அந்த வேலை நடக்காது. கூப்பிடும்போது அவரே எடுத்தால் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அன்று மாலை காபியில் சர்க்கரை கிடையாது. வேறு யாராவது எடுத்தால் இரண்டு ஸ்பூன்.

அதற்காகத்தான் பென்சில். அந்த மேசைப் போன் யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாத பழைய போன். அடித்தால் பென்சில்தான் எடுப்பார். இப்படியாக நாற்காலியை விட்டு இம்மியும் அசையாமல், நாள்தோறும் தித்திப்பான காபி குடித்துக்கொண்டிருந்தார் சிம்மாசனம்.

ஆனால் இந்த வாரம் அவருக்குக் காபியில் மனமில்லை. கண்ணெல்லாம் கோடியில் இருந்த கண்ணாடி அறையின் மீதுதான். பிரிவுத் தலைவர் ஓய்வுபெற்று அறை காலியாகக் கிடந்தது. உள்ளே முதுகு நீண்ட மெத்தை நாற்காலி. சுழன்றால் மட்டும் கிறீச்சென்று கத்தும். அதையும் அவர் சங்கீதமாகத்தான் கேட்டார். அதில் உட்கார வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. வேறு எதற்கும் அவர் இப்படி ஏங்கியதில்லை.

"எனக்குத்தானே வரும்?"

"உங்களை விட்டா யார் சார் சீனியர்? தலைமை ஆபீஸ்ல டைரக்டர் மட்டும் புதுசு. தீர விசாரிச்சுட்டுத்தான் போடுவாங்களாம். இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள ஆர்டர் வந்துடும்கறாங்க."

"விசாரிக்கட்டுமே. என்னைவிட சீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கறவன் எவன் இருக்கான்?"

மறுபடியும் போன் அடித்தது. பென்சில் எடுத்தார். "இப்பதான் மேடம் வெளியில போனார்" என்று சொல்லி வைத்தார். சிம்மாசனம் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டினார்.

மாலையில் வீட்டுச் சோபாவில் அவர் சரிந்ததும், மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். வாயில் வைத்துப் பார்த்தார். இரண்டு ஸ்பூன். மனம் குளிர்ந்து போனது.

"ஏம்மா, என்மேல இன்னுமா சந்தேகம்? இப்படியா விடாம போன் அடிக்கறது?"

"யாரு, நானா?"

"பின்னே? இன்னிக்கு மட்டும் எத்தனை தடவை."

"நான் போன் பண்ணி பத்து நாளாச்சு. எப்பக் கூப்பிட்டாலும் நடக்கப் போயிருக்கார், நடக்கப் போயிருக்கார்னு அந்தத் தம்பி சொன்னாரு. பரவாயில்ல, மனுஷன் திருந்திட்டார்னு நானும் விட்டுட்டேன்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அப்படியானால் அந்தக் கறார்க் குரல் யாருடையது என்று அவர் யோசிப்பதற்குள் செல்போன் அடித்தது. கூப்பிட்டது பென்சில். இன்னும் அலுவலகத்தில்தான் இருந்தார்.

"சார், ஆர்டர் வந்துடுச்சு."

"சொல்லுப்பா."

"உங்களுக்கு வெளிவேலை போட்டிருக்காங்க. ஊர் பூரா நடந்து கடை கடையா ஏறி இறங்கற வேலை. டைரக்டர் அம்மா உங்ககிட்ட பேசணும்னு வாரம் பூரா கூப்பிட்டாங்களாம். சீட்ல ஒட்டாத மனுஷனை ஒரு ரூமுக்குள்ள அடைக்கறது பாவம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப அந்த ரூம்?"

பென்சில் குரலைத் தாழ்த்தினார்.

"எப்பக் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே போனை எடுக்கற ஆளுக்குக் குடுத்துட்டாங்க சார்."

அந்தக் குரலுக்குப் பின்னால், மெத்தை நாற்காலி ஒன்று கிறீச்சென்று சுழன்றது.