இரண்டு விரல் விட்டு வெட்டியது

அண்ணி இவ்வளவு அழுத்தக்காரியாக இருப்பாள் என்று தம்பிக்காரன் நினைத்ததே இல்லை.

அப்படி என்ன கேட்டுவிட்டான், சொத்தா பத்தா? அண்ணனுடைய பழைய கேசட்டுகள், மொத்தம் பதினொன்று. ஜாஸ் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த அண்ணன், வீட்டில் பயிற்சி செய்தபோது பதிவு செய்து வைத்தவை. அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. கேசட்டுகள் அண்ணியின் தையல் கடையில், நூல்கண்டுப் பெட்டிக்குள் அடியில் சும்மா கிடக்கின்றன.

கேட்டால், கையில் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பாள். அடுத்த வாரம் போனால் பெட்டிச் சாவியைக் காணோம் என்பாள். இப்படியே எட்டு மாதம் இழுத்தடித்துவிட்டாள்.

அவனுக்குப் பிழைப்பே இசைதான். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிப்பான். அதில் ட்ரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் இரண்டு மூன்று விநாடிகளைச் சாம்பிளாக வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் கீபோர்டு வாசித்துப் பாட்டுக் கட்டுவான். ஊர் உலகத்து ட்ரம்மர்களோடெல்லாம் அப்படி வாசித்தாயிற்று. கூடப் பிறந்தவனோடு மட்டும் ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

பத்தொன்பது வயதில், குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். அண்ணன் “பார்க்கலாம்” என்றதோடு சரி. முகம் வாடி நின்றவனை அண்ணிதான் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“இவன் காது மாதிரி ஒரு காது யாருக்கும் அமையாதுன்னு உங்க அண்ணன் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறார். நேர்ல சொன்னா உனக்குத் தலைக்கனம் வந்துடுமாம்.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் படித்த படிப்பை ஓரங்கட்டிவிட்டு இசைக்கு வந்தான்.

அப்படிப்பட்ட அண்ணியா இப்படி? “அவங்களுக்கு எதுக்கு அது? பூட்டி வச்சு அழகு பார்க்கவா?” என்று மனைவியிடம் பொருமினான். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன புலம்பல் என்பதால், அவள் பாதியைக் காதில் வாங்கவில்லை.

ஒன்பதாம் மாதம் அண்ணியே தேடி வந்தாள். கையில் கேசட் இல்லை. ஒரு சின்னப் பென் டிரைவ் இருந்தது.

பக்கத்துக் கடையில் ஃபோன் பழுது பார்க்கும் பெண்ணிடம் கொடுத்து, கேசட்டில் இருந்ததை எல்லாம் தன் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டாளாம். வெட்டுவதற்கும் அவளிடமே கற்றுக்கொண்டாளாம்.

“ட்ரம்ஸை மட்டும் துண்டு துண்டா நானே வெட்டிட்டேன் தம்பி. உனக்கு வேலை மிச்சம்.”

“கேசட் எங்க அண்ணி?”

“பூஞ்சை பிடிச்சுப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன். ஃபோன்ல இருந்ததையும் இடம் பத்தாம அழிச்சாச்சு.”

அண்ணி என்ற மரியாதைக்காகப் பென் டிரைவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான்.

அவள் போனதும் போட்டுக் கேட்டான். நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். சந்தேகமே இல்லை, அண்ணனின் கைதான். பித்தளைச் சிம்பலைத் தட்டித் தட்டி விளையாடும் அந்தத் துள்ளலைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வெட்டு? சகிக்கவில்லை. சில துண்டுகள் பாதி அடியில் ஆரம்பித்தன. சில, வாசிப்பு நின்ற பிறகும் சும்மா ஓடின. தையற்காரியின் கை பழக்கத்தை விடுமா? துணியில் தையலுக்கு இரண்டு விரல் விடுவதுபோல இதிலும் விட்டுத்தான் வெட்டியிருந்தாள்.

“தாளம் தெரியாதவங்க கையில கத்திரிக்கோலைக் கொடுத்தா இப்படித்தான்” என்று மனைவிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சீர்செய்தான்.

எழுபத்து மூன்றாவது துண்டில் சிம்பல் ஒலி மெல்லத் தேய்ந்து அழகாக அடங்கியது. அது கடைசிவரை வேண்டும் என்று ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியை நன்றாக ஏற்றினான்.

சிம்பல் ஓய்ந்த இடத்தில், அறையின் மறுகோடியில் யாரோ பேசினார்கள். ஃபோனில் கேட்டவளுக்கு இது கேட்டிருக்காது.

“உன் தம்பி கீபோர்டு வாசிக்கிறானே, சேர்த்துக்கலாமே?”

அண்ணனின் சிரிப்பு. “அவனா? அவனுக்குச் சுத்தமா காதே கிடையாதுடா. இவதான், பாவம் சேர்த்துக்கோங்கன்னு தினமும் என் உயிரை எடுக்கிறா.”

அதோடு துண்டு முடிந்தது.

அவன் அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டுக் கேட்டான். பதினொரு கேசட்டிலும் இப்படி எத்தனை பேச்சு இருந்திருக்கும்? எட்டு மாதமும் அண்ணி அதைத்தான் தேடித் தேடி வெட்டியிருக்கிறாள். பூஞ்சையாவது ஒன்றாவது. புருஷனின் குரல் என்று அவளுக்கு மிச்சமிருந்ததே அந்தக் கேசட்டுகளில்தான். அதைத்தான் இவனுக்காகத் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை தையல் கடைக்குப் போனான். அண்ணி மேஜையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் சரியா இருந்துச்சா தம்பி?” என்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, “நடுவுல ஏதாவது பேச்சு கீச்சு விழுந்திருந்துச்சா?”

கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றிருந்தது.

“இல்ல அண்ணி. வெறும் ட்ரம்ஸ்தான்.”

“அதானே. வாசிக்க உட்கார்ந்தா உங்க அண்ணன் வாயே திறக்க மாட்டார்.” கத்திரிக்கோல் மறுபடி நகர்ந்தது.

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணி, என் காதைப் பத்தி அண்ணன் சொன்னார்னு சொல்வீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”